டிஜேவைத் தளம் வழியாக புக் செய்வது: கோலாலம்பூர் ஏற்பாட்டாளருக்கான பணக் கணக்கு

எலக்ட்ரானிக் இசைக் கலைஞர்களை புக் செய்யும் இணையத் தளங்கள் மூன்று வேலைகளை நன்றாகச் செய்கின்றன. தேதி காலியா என்று காட்டும். ஒப்பந்தத்தில் இரு தரப்புக் கையொப்பத்தையும் வாங்கும். நிகழ்ச்சி முடியும்வரை பணத்தை, ஒரு பகுதியையாவது, நடுவில் பிடித்து வைத்திருக்கும். ஆனால் மலேசிய வரி, வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிக்கான புஸ்பால் அனுமதி, கலைஞர் இங்கே மேடை ஏறக் குடிநுழைவுத் துறை தரும் பாஸ், மாநகர் மன்ற உரிமம் பற்றியெல்லாம் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. பெர்லினிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உட்கார்ந்து வடிவமைத்த படிவத்தில் இவற்றை நிரப்ப இடமே இருக்காது. சிறப்பு நிபந்தனைகள் என்று கீழே ஒரு காலிக் கட்டம் மட்டும் கிடைக்கும். உங்கள் பணம் பத்திரமாக இருக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதுவதைப் பொறுத்தது.

பெயரைத் தேடுவதற்கு முன்

இடமும் தேதியும் கையில் இல்லாமல் கலைஞரின் ஏஜெண்டிடம் விலை கேட்காதீர்கள். இடத்தின் கொள்ளளவு, டிக்கெட் விலை, இசை வகை, உங்கள் முந்தைய நிகழ்ச்சிகள், மற்ற கலைஞர்களின் பெயர்கள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் அவர்கள் விலை சொல்வார்கள். 200 பேர் நிற்கும் மாடி அறைக்கு ஒரு விலை, 2,000 பேர் கூடும் மண்டபத்துக்கு வேறு விலை. தேதியைக் குறிக்கும்போது ரமலான் மாதத்தைத் தவிருங்கள், ஏனென்றால் கேளிக்கை மையங்களுக்கு அப்போது கட்டுப்பாடுகள் உண்டு. தைப்பூசம், தீபாவளி வாரங்களில் நம் கூட்டம் வேறு பக்கம் போய்விடும். இதை ஏஜெண்ட் சொல்லமாட்டார், அவருக்குத் தெரியவும் தெரியாது.

நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும் செட் (டிஜே மேடையில் வாசிக்கும் நேரம்) என்றால் தேதியை இரண்டு முறை எழுதுங்கள். 'சனிக்கிழமை இரவு 1 மணி' என்று எழுதினால் ஐரோப்பாவில் இருப்பவர் வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டியது என்றும் எடுத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை நள்ளிரவு தாண்டியது என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'சனிக்கிழமை 14ஆம் தேதி கதவு திறப்பு, செட் ஞாயிறு 15ஆம் தேதி அதிகாலை 1.00 முதல் 3.00 வரை, கோலாலம்பூர் நேரம்' என்று முழுதாக எழுதிவிட்டால் விமான டிக்கெட்டும் தவறாது, பணம் விடுவிக்கும் நேரமும் தவறாது.

ஏஜெண்ட் உண்மையானவரா

பிரபல டிஜேயின் பெயரில் போலி ஏஜெண்டுகள் தளங்களிலும் மின்னஞ்சலிலும் உலவுகிறார்கள். கலைஞரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் ஆசியாவுக்கான ஏஜெண்ட் என்று யாருடைய பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே ஏஜெண்ட் இருப்பது அபூர்வம். ஐரோப்பாவுக்கு ஒருவர், வட அமெரிக்காவுக்கு ஒருவர், ஆசியாவுக்கு ஒருவர் என்று பிரிந்திருப்பார்கள். தவறான ஏஜெண்டிடம் கேட்டால் அவர் இன்னொருவரிடம் கேட்டு, தன் பங்கையும் சேர்த்து விலை சொல்வார். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பிறகு வரும் பகுதி நிறுவனத்தின் இணைய முகவரியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

'தளத்துக்குக் கமிஷன் எதற்கு, நேரடியாக அனுப்பிவிடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் அவர் உண்மையான ஏஜெண்டாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். தளத்துக்கு வெளியே போன பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று நடுவில் மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். உள்ளூர்க் கணக்காக இருந்தால் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைச் சோதிக்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். மறுநாள் காலை வரை காத்திருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

ஆஃபரை எழுதும் விதம்

தளத்தின் ஆஃபர் படிவத்தில் கட்டணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு எண்ணை மட்டும் போட்டு அனுப்புவதுதான் சண்டையின் விதை. எழுத வேண்டியவை இவை: கட்டணம் எந்த நாணயத்தில், மலேசிய வரி பிடித்த பிறகு கலைஞர் கைக்கு வரும் தொகையா வரிக்கு முந்தைய மொத்தமா, ஏஜெண்டின் புக்கிங் கட்டணம் அதற்குள்ளா மேலேயா, விமானம், தங்கும் விடுதி, கார், சாப்பாடு யார் பொறுப்பு, எத்தனை பேருக்கு, செட் எத்தனை நிமிடம்.

ஏஜெண்டுகள் 'எல்லாம் உட்பட' என்றும் 'கட்டணம், கூடவே எல்லாம்' என்றும் இரண்டு விதமாக விலை சொல்வார்கள். முதல் வகையில் விமானமும் விடுதியும் அந்த எண்ணுக்குள் அடக்கம். இரண்டாவதில் அவை உங்கள் தலையில். புக்கிங் கட்டணம் பெரும்பாலும் 10 விழுக்காடு, கட்டணத்துக்கு மேலே தனியாக வரும். தளத்தின் சேவைக் கட்டணம் வேறு. மலேசியாவில் பதிவு பெற்ற வெளிநாட்டு டிஜிட்டல் சேவை நிறுவனம் என்றால் அதன் கட்டணத்தின் மேல் 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். 2024 மார்ச் 1 முதல் அந்த விகிதம்தான். 10 விழுக்காடு எதன் மேல் என்றும் கேளுங்கள். கலைஞர் கைக்கு வரும் 8,500 வெள்ளியின் (ரிங்கிட்) மேல் என்றால் 850, வரிக்கு முந்தைய மொத்தமான 10,000 வெள்ளியின் மேல் என்றால் 1,000. சின்ன வித்தியாசம்தான், ஆனால் இன்வாய்ஸ் வந்த பிறகு பேசினால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

விமானச் செலவில் இன்னொரு சிக்கல். ஐரோப்பாவிலிருந்து வரும் கலைஞர் ஒரே பயணத்தில் சிங்கப்பூர், பேங்காக், பாலி என்று சுற்றுவார். விமானச் செலவை மூன்று ஏற்பாட்டாளர்கள் பங்கிட்டுக்கொள்வது வழக்கம், மலிவும்கூட. ஆனால் பேங்காக் நிகழ்ச்சி ரத்தானால் அதன் பங்கு யார் தலையில் விழும்? உங்கள் ஒப்பந்தத்தில் 'விமானப் பங்கு நிலையான தொகை, மற்ற நகர நிகழ்ச்சி ரத்தானாலும் மாறாது' என்ற வரி இல்லையென்றால் ஏஜெண்ட் உங்களிடம்தான் வருவார். தளங்கள் இப்படி மூன்று தரப்புப் பங்கீட்டைக் கையாள்வது அரிது. ஆளுக்கு ஓர் ஒப்பந்தம், ஆளுக்கு ஒரு நிலையான தொகை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அந்த 15 விழுக்காடு

கலைஞர் மலேசியாவில் வரி வசிப்பவர் அல்லாதவராக இருந்தால், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 109ஏ பிரிவின்படி அவருக்குத் தரும் மொத்தத் தொகையில் 15 விழுக்காட்டைப் பிடித்து உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கட்ட வேண்டியவர் அவரை வரவழைப்பவர், அதாவது நீங்கள். மற்ற வரிகளைப் போல நிகழ்ச்சி முடிந்து சாவகாசமாகக் கட்டும் வரியல்ல. குடிநுழைவுத் துறை பாஸ் வழங்குவதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். டிக்கெட் விற்று அந்தப் பணத்தில் வரி கட்டலாம் என்று திட்டம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டிக்கெட் பணம் வரும் முன் வரிப் பணம் போய்விடும்.

கணக்கு எளிதானது, ஆனால் தலைகீழாகப் போடுபவர்கள் அதிகம். கலைஞர் கைக்கு 8,500 வெள்ளி வர வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னால், 8,500ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும். மொத்தம் 10,000, வரி 1,500. 8,500க்கு 15 விழுக்காடு என்று 1,275ஐக் கூட்டினால் மொத்தம் 9,775 ஆகும். அதற்கு வரி 1,466.25. கலைஞருக்கு 8,308.75 மட்டுமே போகும். அந்த 191.25 வெள்ளியை அவர் விடமாட்டார்.

தளத்தில் இதை எப்படிப் பதிவது? தளம் ஒரே ஓர் எண்ணைத்தான் உங்களிடமிருந்து வசூலிக்கும். கட்டணக் கட்டத்தில் 10,000 என்று போட்டுவிட்டால் முழுத் தொகையும் ஏஜெண்டுக்குப் போகும், பிறகு 1,500ஐ உங்கள் பையிலிருந்து கட்ட வேண்டும். கட்டத்தில் 8,500க்கு ஈடான தொகையைப் போட்டுவிட்டு, சிறப்பு நிபந்தனைகளில் இப்படி எழுதுங்கள்: 'மொத்தக் கட்டணம் 10,000 ரிங்கிட். இதில் 15 விழுக்காடான 1,500 ரிங்கிட்டை ஏற்பாட்டாளர் மலேசிய வரி வாரியத்திடம் நேரடியாகக் கட்டுவார். மீதி 8,500 ரிங்கிட்டுக்கு ஈடான தொகை தளம் வழியாகச் செலுத்தப்படும். வரி ரசீதின் நகல் கலைஞருக்கு வழங்கப்படும்.' ரசீது அவருக்கு முக்கியம். தன் நாட்டில் வரி கட்டும்போது இங்கே கட்டியதைக் கழித்துக் கேட்க அதுதான் சான்று. ரசீது பற்றிய அந்த வாக்கியத்தை எழுதினாலே பேரம் பாதி சுலபமாகிவிடும்.

'எங்கள் டிஜே தன் சொந்த நிறுவனம் வழியாக இன்வாய்ஸ் தருகிறார், ஆகவே இது கலைஞர் வரி அல்ல' என்று சில ஏஜெண்டுகள் வாதிடுவார்கள். வரி வாரியத்திடமிருந்தோ உங்கள் வரி ஆலோசகரிடமிருந்தோ எழுத்தில் பதில் கிடைக்கும்வரை 15 விழுக்காட்டை ஒதுக்கியே வையுங்கள். இன்னொன்று: சென்னையிலிருந்து வருபவரும் சிங்கப்பூரிலிருந்து பேருந்து ஏறி வருபவரும் இதற்கு விலக்கல்ல. விசா இல்லாமல் சுற்றுலாவுக்கு வரலாம் என்பதால் மேடை ஏறலாம் என்று ஆகாது. 'நம்ம பையன்தானே' என்று பாஸ் இல்லாமல் கன்சோலுக்குப் பின்னால் நிறுத்தினால் அவருக்கும் சிக்கல், இடத்தின் உரிமத்துக்கும் சிக்கல்.

உங்கள் நிறுவனம் இ-இன்வாய்ஸ் கட்டாயமான வகையில் வந்தால், வெளிநாட்டுக் கலைஞர் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் என்ற இணைய முறையில் உங்களுக்கு இன்வாய்ஸ் அனுப்ப முடியாது. ஆகவே நீங்களே அவர் சார்பில் இன்வாய்ஸை, அதாவது சுய-பட்டியலை, உருவாக்க வேண்டும். தளம் தரும் பிடிஎஃப் ரசீதை மட்டும் நம்பிச் செலவுக் கணக்கு எழுதினால் கணக்காய்வில் நிற்காது.

புஸ்பால்

வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிக்கு அனுமதி வழங்கும் அமைப்பு புஸ்பால். தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. பதிவு பெற்ற உள்ளூர் நிறுவனம் வேண்டும், அதற்குச் செலுத்திய மூலதனத் தகுதியும் உண்டு. உங்கள் நிறுவனம் சின்னது என்றால் அனுபவமுள்ள வேறொரு நிறுவனத்தையோ இடத்தின் உரிமையாளரையோ விண்ணப்பதாரராக வைத்துக்கொள்ளலாம். அப்போது வரியை யார் பெயரில் கட்டுவது என்பதையும் அவர்களோடு எழுத்தில் பேசி முடியுங்கள். கடவுச்சீட்டு நகல், கலைஞர் விவரம், கையெழுத்தான ஒப்பந்தம், இடத்தின் உறுதிக் கடிதம் தேவைப்படும். கூட வரும் விஜே (திரைக் காட்சிகளை இயக்குபவர்), டூர் மேனேஜர் பெயர்களையும் முதலிலேயே சேருங்கள். கடைசி வாரத்தில் 'இன்னொருத்தரும் வருகிறார்' என்றால் எல்லாம் தாமதமாகும். ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம் கையில் இருந்தால் நிம்மதி.

2023 ஜூலை 21 அன்று செப்பாங்கில் குட் வைப்ஸ் விழா மேடையில் தி 1975 குழுவின் பாடகர் நாட்டின் சட்டத்தைச் சாடி, சக கலைஞரை முத்தமிட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். விழாவே நின்றது. அதன்பின் நிகழ்ச்சியை உடனடியாக நிறுத்தும் கில் சுவிட்ச் பற்றியும் கலைஞரின் நடத்தை பற்றியும் அதிகாரிகள் கறாராகிவிட்டார்கள். ஆகவே மேடை நடத்தை விதிகளை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வையுங்கள். கலைஞர் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடட்டும். மீறினால் மீதிப் பணம் விடுவிக்கப்படாது என்ற வரியும் அதில் வேண்டும்.

பணம் போகும் வழி

வழக்கமான ஏற்பாடு: கையெழுத்தானதும் 50 விழுக்காடு, நிகழ்ச்சிக்கு 7 முதல் 14 நாள் முன்பு மீதி 50. இரண்டாம் பாதி தளத்தின் பிடியில் இருக்க வேண்டும், ஏஜெண்டின் கணக்கில் அல்ல. முதல் பாதியைத் தளம் உடனே விடுவித்துவிடுமா, நிகழ்ச்சி வரை வைத்திருக்குமா என்பதை விதிகளில் தேடிப் படியுங்கள். பல தளங்கள் உடனே விடுவித்துவிடும். அப்படியென்றால் உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு மீதிப் பாதிக்கு மட்டுமே.

கடன் அட்டையில் 'பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று காட்டுவதை நம்பி மூன்று மாதம் இருக்க முடியாது. அட்டையின் முன்-அங்கீகாரம் பொதுவாக ஏழு நாள் அளவில் காலாவதியாகும். ஆகவே தளம் பணத்தை எடுத்தே விட்டிருக்கும். அது யார் கணக்கில், எந்த நாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். ரிங்கிட் மலேசியாவுக்கு வெளியே வர்த்தகமாகாத நாணயம் என்பதால் வெளிநாட்டுத் தளங்கள் பெரும்பாலும் யூரோவிலோ அமெரிக்க டாலரிலோதான் வைத்திருக்கும். பணம் திரும்பி வந்தால் இரண்டு முறை மாற்று விகித நட்டம். பட்ஜெட்டில் 3 முதல் 5 விழுக்காடு நாணயத்துக்கென்று தனியே வையுங்கள்.

வங்கி வழியாக அனுப்பினால் கட்டணம் யாருடையது என்ற கேள்விக்கு 'அனுப்புபவரே' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இடையில் உள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும். தளம் '2,000 யூரோ வர வேண்டும், 1,972 வந்தது' என்று சொல்லி புக்கிங்கை நிலுவையிலேயே வைக்கும். பணம் அனுப்பியதைக் காட்டும் ஸ்விஃப்ட் சான்று நகலை வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புக் கட்டத்தில் தளம் தந்த புக்கிங் எண் மட்டும் போதும். கலைஞர் பெயரையெல்லாம் எழுதினால் தானியங்கிப் பொருத்தம் தவறும். மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில் நேரடியாகச் செலுத்தும் எஃப்பிஎக்ஸ் முறையை ஏற்கும் தளம் என்றால், தனிநபர் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனை உச்சம் 30,000 வெள்ளி. அதற்கு மேல் நிறுவனக் கணக்கு வேண்டும். உங்கள் வங்கியின் தினசரி வரம்பையும் முதல் நாளே உயர்த்தி வையுங்கள்.

பணம் விடுவிக்கும் நேரத்தைக் கவனியுங்கள். பல தளங்களில் நிகழ்ச்சி முடிந்து 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் நீங்கள் புகார் எழுப்பாவிட்டால் பணம் தானாகவே போய்விடும். கடிகாரம் ஐரோப்பிய நேரத்தில் ஓடினால் நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் 7 மணி, கோடையில் 6 மணி வித்தியாசம். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு ஞாயிறு முழுவதும் தூங்கினால் புகார் நேரம் கடந்துவிடும்.

ரைடர்

தொழில்நுட்ப ரைடரை, அதாவது கலைஞர் கேட்கும் கருவிகளின் பட்டியலை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒலி வாடகைக் கடைக்கு அனுப்பி விலை வாங்குங்கள். டிஜே செட்டுக்கு இன்று கேட்கப்படுவது பொதுவாக சிடிஜே-3000 பிளேயர் இரண்டோ மூன்றோ, மிக்ஸர் டிஜேஎம்-ஏ9 அல்லது டிஜேஎம்-900 நெக்ஸஸ்2. சிலர் ஆலன் அண்ட் ஹீத் எக்ஸோன்:96 மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அது வாடகைக்குக் கிடைப்பது கடினம், முதலிலேயே பேசித் தீருங்கள். சிடிஜே-3000இல் குறுந்தகடு போடும் வாய் கிடையாது. குறுந்தகட்டில் வாசிப்பவர் என்றால் பழைய மாடல் தேட வேண்டும். புதியதையும் பழையதையும் ஒரே மேசையில் கலந்து வைக்காதீர்கள். மூன்று பிளேயரும் மிக்ஸரும் ஒரே நூலகத்தைப் பகிர நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றும் கேபிள்களும் வேண்டும். வாடகைப் பட்டியலில் அடிக்கடி விடுபடுவது இதுதான். டிஜே தன் இசையைக் கேட்கும் பூத் மானிட்டர் ஒலிபெருக்கி இரண்டு, காது உயரத்தில். தரையில் சாய்த்து வைத்தால் டிஜே சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார், அரங்கின் ஒலியும் கெட்டுப்போகும்.

வினைல் வாசிப்பவருக்கு டர்ன்டேபிளின் அடியில் கனமான கல் பலகையும் அதிர்வு தாங்கும் பாதங்களும் தேவை. மரமேடையில் சும்மா வைத்தால் பேஸ் திரும்பி ஊசிக்குள் ஏறி ஊளையிடும். லைவ் செட் கலைஞர் ஜப்பானிலிருந்து 100 வோல்ட் கருவியோடு வந்தால் நம் 230 வோல்ட் மூன்று முனைச் சாக்கெட்டில் செருகிய மறுகணம் புகைதான். வாட் அளவு கேட்டு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வையுங்கள். ஒலியில் 'ஹம்' என்ற இரைச்சல் வந்தால் தீர்க்க, கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கும் டிஐ பெட்டிகள், தரை இணைப்பைத் துண்டிக்கும் வசதியோடு, நாலு இருக்கட்டும். ஒரு கருவி கிடைக்கவில்லை என்றால் மாற்றுக் கருவிக்கு ஏஜெண்டின் சம்மதத்தைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கிய சம்மதத்தைத் தளத்தின் நடுவர் பார்க்கமாட்டார்.

ரத்தானால்

நீங்கள் ரத்து செய்தால் முழுக் கட்டணம், கலைஞர் ரத்து செய்தால் முன்பணம் திரும்பும் என்பதே ஏஜெண்டுகளின் வழக்கமான வார்ப்பு. மலேசியாவுக்கு மூன்றாவது நிலைமை ஒன்று தேவை: அதிகாரிகள் அனுமதி மறுத்தாலோ நிறுத்தினாலோ என்ன ஆகும் என்பது. 2014 மார்ச்சில் புக்கிட் ஜாலிலில் ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல் ஆசியாவின் இறுதி நாளை அதிகாரிகள் ரத்து செய்தபோது அந்த நாளுக்கு புக் ஆகியிருந்தவர்கள் ஏற்கெனவே ஊரில் இருந்தார்கள். அப்படிப்பட்ட நிலையில் யார் எவ்வளவு இழப்பது என்று முன்கூட்டியே எழுதுங்கள். 'இன்ன தேதிக்குள் ஏற்பாட்டாளர் புஸ்பாலிடம் விண்ணப்பித்திருந்து, அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திரும்பும்' என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள். அப்போது 'முன்பணம் 12 மாதத்துக்குள் புதிய தேதிக்கு மாற்றப்படும்' என்பதற்கு இறங்கலாம். அதற்கும் ஒத்துவராத ஏஜெண்டை விட்டுவிடுவதே மேல். அந்த அளவு டிஜேக்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

கலைஞருக்குக் கொடுக்கும் பணத்தில் அடங்காதவை

டிஜே வாசிப்பது பிறருடைய ஒலிப்பதிவு. ஆகவே பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைக்கு ஒன்று, ஒலிப்பதிவு உரிமைக்கு ஒன்று என்று இரண்டு உரிமம் உண்டு. இடத்துக்கு ஆண்டு உரிமம் இருக்கிறது என்று சொன்னால் நகலைக் கேளுங்கள். அது பின்னணி இசைக்கு மட்டுமானதாக இருக்கலாம். டிக்கெட் விற்றால் கேளிக்கை வரி. கூட்டரசுப் பிரதேசத்தில் 2024 முதல் 2028 முடிய, வழக்கமான 25 விழுக்காட்டுக்குப் பதில் அனைத்துலகக் கலைஞர் நிகழ்ச்சிக்கு 10 விழுக்காடு, உள்ளூர்க் கலைஞர் மேடை நிகழ்ச்சிக்கு விலக்கு. பினாங்கில் அது மாநில அரசின் விவகாரம், கோலாலம்பூர்க் கணக்கை அங்கே போடாதீர்கள்.

உள்ளூர் டிஜேக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. செந்தூலிலோ கிள்ளானிலோ இருப்பவரைத் தளத்தில் புக் செய்தால் 30 முதல் 50 விழுக்காடு முன்பணம், செட் நேரம், கூடுதல் மணிக்கு என்ன விலை, இவை எழுத்தில் இருந்தால் போதும். கூடுதல் மணி விலையை மட்டும் மறக்காதீர்கள். கல்யாண விருந்துகளில் தாமதம் இல்லாத இரவு கிடையாது.

நிகழ்ச்சி இரவும் பிறகும்

ஒருவர் கையில் செட் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கருவி மேசையின் படம் மூன்றும் பதிவாகட்டும். 120 நிமிடத்துக்குப் பதில் 80 நிமிடத்தில் இறங்கிவிட்டார் என்று புகார் செய்ய இதுதான் ஆதாரம். குறை இல்லையென்றால் தானியங்கி விடுவிப்புக்குக் காத்திருக்காமல் மறுநாளே பணத்தை விடுவித்துவிடுங்கள். அடுத்த முறை அதே ஏஜெண்ட் முன்பணத்தைக் குறைத்துப் பேசுவார். ஒப்பந்தம், வரி ரசீது, ஸ்விஃப்ட் சான்று, சுய-பட்டியல், தளத்தின் இன்வாய்ஸ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஏழு ஆண்டு வைத்திருங்கள். வரி ரசீது நகலைக் கலைஞருக்கு அனுப்பியதற்கான மின்னஞ்சலும் அதே கோப்பில் சேரட்டும்.